விளக்கறைக் கணக்கு

கார்ல்டன்வில், மூன்றாம் எண் குழி.
கூண்டு இறங்குகிறது, நொடிக்குப் பதினைந்து மீட்டர்.
காது இரண்டு முறை அடைத்துத் திறப்பதற்குள்
தலைக்கு மேல் இரண்டு கிலோமீட்டர் பாறை.
தங்கத்துக்கு வந்தவர்கள் இடப்பக்கம் போவார்கள்.
வலப்பக்கம் நாங்கள் நான்கு பேர்,
மேலே எதையும் கொண்டுவராதவர்கள்.

அடையாள அட்டையில் நான் பி. மூட்லி.
முதலி என்றுதான் இருந்திருக்கும்.
டர்பன் துறைமுகத்தில் எழுதிக்கொண்டவர் காதில்
அவ்வளவுதான் விழுந்தது.
எந்தக் கருவிக்கும் ஒரு பிழை வீதம் உண்டு.

எங்கள் கருவி ஒரு தொட்டி.
உள்ளே முந்நூறு டன் எண்ணெய்.
சுற்றிலும் இமைக்காத கண்ணாடிக் குமிழ்கள், ஆயிரத்தெட்டு.
(கட்டியவர்களில் தமிழர் யாருமில்லை,
எண்ணிக்கை தற்செயல்.)

எங்கோ ஒரு விண்மீன்
தன்னிடம் இருந்த அத்தனையையும்
பத்து நொடியில் செலவழித்துவிடும்.
செயற்கைக்கோள் அந்தக் காமா ஒளியைக் கண்டு
நேரத்தைக் குறித்து அனுப்பும்.
அதற்கு முன்னே ஐந்நூறு நொடி, பின்னே ஐந்நூறு நொடி
தொட்டி எதைப் பார்த்தது என்று தேட எனக்குச் சம்பளம்.

தேடுவது இதைத்தான்:
ஒரு மினுக்கு.
இருநூறு மைக்ரோநொடி கழித்து
பக்கத்திலேயே இன்னொரு மினுக்கு.
இரண்டும் சேர்ந்தால்
ஆற்றல் குறைந்த ஒரு நியூட்ரினோ வந்து முட்டியிருக்கலாம்.
முட்டுவது அபூர்வம்.
கட்டைவிரல் நகத்தின் வழியே
சூரியனிலிருந்து நொடிக்கு ஆறாயிரம் கோடி போகின்றன,
ஒன்றுகூட நின்று வழி கேட்பதில்லை.

மூன்று ஆண்டு. நூற்று முப்பத்தேழு வெடிப்பு.
எதிர்பார்த்த பின்னணி: இரண்டு புள்ளி நான்கு.
கண்டது: இரண்டு.
இதை ‘இல்லை’ என்று எழுதக் கூடாது.
‘இருந்தாலும் இதற்கு மேல் இருக்க முடியாது’ என்று எழுத வேண்டும்.
விளக்கறையில் போனோலோ தினமும் கேட்பாள்,
‘இன்றைக்காவது மாட்டியதா?’
இல்லாததை நேற்றைவிடத் துல்லியமாகத் தெரிந்துகொண்டோம் என்பேன்.
விளக்கை வாங்கிக் கொக்கியில் மாட்டுவாள்.

எண்பத்தெட்டாவது வெடிப்பு மட்டும் வேறு.
மிக அருகில். அருகில் என்றால்
பன்னிரண்டு கோடி ஒளியாண்டு.
ஒன்றாவது சிக்கும் என்றால் அதிலிருந்துதான்.
நேரம், பிற்பகல் 2:11.

2:07க்குப் பாறை அதிர்ந்தது.
ஆயிரத்தெட்டு குமிழும் ஒன்றாக அலறின.
அதிர்ந்தால் பதினான்கு நிமிடத் தரவை வெட்ட வேண்டும்.
தொட்டியில் எண்ணெய் ஊற்றும் முன்பே எழுதிய விதி,
கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.
ரூவான் கெஞ்சினான்,
‘எழுத வேண்டாம். ஒரே ஒரு முறை திறந்து பார்ப்போம்.’
பார்த்த கண்ணைப் பிறகு எங்கே வைப்பது?
வெட்டினேன்.

அன்று மாலை
மேலே வந்தவர்கள் ஒவ்வொருவராய்
போனோலோவிடம் விளக்கைக் கொடுத்தார்கள்.
எதிர்பார்த்தது: நானூற்றுப் பன்னிரண்டு.
வந்தது: நானூற்றுப் பதினொன்று.
என் பாடத்தில் இது வெறும் ஏற்ற இறக்கம்,
இருபது குறைந்தாலும் ஒருவரும் புருவம் தூக்க மாட்டார்கள்.
அவள் மறுபடி எண்ணவில்லை.
வெறுங்கொக்கியைப் பார்த்தாள். 218.
‘மொலெஃபி’ என்றாள்.
மாஃபெடெங் ஊர்க்காரர்.
கூண்டில் எனக்கு இடம்விட்டு
முதுகைக் கம்பியில் ஒட்டி நிற்பவர்.

கட்டுரையில், மூன்றாம் அட்டவணை, எண்பத்தெட்டாம் வரி:
‘நில அதிர்வு. தரவு நீக்கம்.’
அதற்கு அடிக்குறிப்பாக அந்தப் பெயரைச் சேர்த்தேன்.
நடுவர் கேட்டார்,
இந்தக் குறிப்பு முடிவை எவ்விதத்திலாவது பாதிக்கிறதா?
‘இல்லை’ என்று பதில் எழுதினேன்.
மூன்று ஆண்டில் முதன்முறையாக
அந்தச் சொல்லை நேராக எழுதினேன்.
எடுத்துவிட்டார்கள்.

சுரங்க விளக்கின் மின்கலம் பதினாறு மணி நேரம் தாங்கும்.
அவர் எடுத்தது காலை ஆறுக்கு.
இரவு பத்து மணி வரை
கீழே அது எரிந்திருக்கும்,
எந்தக் குமிழுக்கும் எதிரே இல்லாமல்.